அயனி பாயும் ஹெட்லைட் வளையமும்

தாம்பரத்துக்குத் தெற்கே, எலெக்ட்ரானைப் பற்றிப் பேசிப் பேசியே ஐந்து பெண் வீட்டாரை ஓடவிட்ட ஒரே மனிதர் அயனி பாய்தான். வடக்கே எப்படியோ, எனக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் இன்னொருவர் இருக்க வாய்ப்பே இல்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருக்கு வீட்டில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர். எலெக்ட்ரானை இழந்தோ வாங்கியோ நிற்கும் அணுவுக்கு, நாமெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோன ‘அயனி’ என்ற சொல்லை, அவர் மட்டும் பதினைந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்து நாளொன்றுக்கு நூறு தடவை உபயோகித்துக்கொண்டிருந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் மறைமலை நகரில் ஒரு சின்ன நிக்கல் பூசும் பட்டறையில் நான் கெமிஸ்ட். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. வாசலில் ‘லேபரட்டரி’ என்று போர்டு இருக்கும். உள்ளே ஒரு மேஜை, ஒரு பியூரெட், ஓடாத ஒரு ஃபேன். அயனி பாய் தொட்டிகளுக்குப் பொறுப்பாளர். முப்பத்து மூன்று வயது, முழங்கால் வரை கம்பூட், காதில் பென்சில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் மரியாதை என்று நினைத்து நான் ரொம்பவே பூரித்துப்போனேன். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. அடுத்து ஒரு கேள்வி வருகிறது, ஒதுங்கிக்கொள் என்பதற்காக அவர் அடிக்கிற ஹாரன் அது.

தொட்டியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த மனிதர் புரியமாட்டார். முந்நூறு லிட்டர் பச்சைத் தண்ணீர். ஓரங்களில் நிக்கல் பட்டைகள் தொங்கும், அது ப்ளஸ். நடுவில் பளபளப்பாக வேண்டிய தண்ணீர்க் குழாயோ கதவுக் கைப்பிடியோ தொங்கும், அது மைனஸ். ஏசி கரண்ட்டை டிசியாக்கும் ரெக்டிபயரைப் போட்டால், பட்டையில் உள்ள நிக்கல் அணு தன்னிடமிருந்து இரண்டு எலெக்ட்ரானைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அயனியாகித் தண்ணீரில் இறங்கும். நடுவே வந்து, அங்கே இரண்டு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு, மறுபடி நிக்கலாகிக் குழாய்மேல் உட்கார்ந்துவிடும். பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு அயனி பாய் என்னை இரண்டு வருடம் படுத்தி எடுத்தார்.

“மேடம், நிக்கல் வெள்ளை. தொட்டித் தண்ணி பச்சை. ரெண்டே ரெண்டு எலெக்ட்ரான் போனதுக்கு கலரே மாறிடுதா?”

“ஆமா பாய்.”

“திருப்பிக் குடுத்தா மறுபடியும் வெள்ளை?”

“ஆமா பாய்.”

“பதினஞ்சு வருசமா டெய்லி பாத்துகினு கீறேன். இன்னும் பேஜாரா கீது எனக்கு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா மேடம்?”

எனக்கு டீ குடிக்கவேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

இன்னொரு நாள் காலை, நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எலெக்ட்ரானைக் குடுத்தவன் எப்படி மேடம் ப்ளஸ்ஸாவான்? குடுத்தா கொறையணும். மைனஸ்தானே வரணும்?” இதே கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு, அந்தப் பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றவராம். பாவம் என்று நான் உட்கார்ந்து விளக்கினேன். நிக்கலுக்கு உள்ளே இருபத்தெட்டு புரோட்டான், அது ப்ளஸ். வெளியே இருபத்தெட்டு எலெக்ட்ரான், அது மைனஸ். சரிக்குச் சரி. எலெக்ட்ரான் இரண்டு போனால் மைனஸ் இருபத்தாறு, ப்ளஸ் அதே இருபத்தெட்டு. ஆக, ப்ளஸ் இரண்டு கூடுதல்.

பாய் கண்ணை மூடி யோசித்தார். “அதாவது, கல்யாண மண்டபத்துல மாப்ள வூட்டு ஆளு இருபத்தெட்டு. பொண்ணு வூட்டு ஆளும் இருபத்தெட்டு. பொண்ணு வூட்டுல ரெண்டு பேரு கோச்சிக்கினு போயிட்டா, மாப்ள வூடு ரெண்டு ஜாஸ்தி. மாப்ள வூட்டுல புதுசா யாரும் வரலை. கரீக்டா?”

எனக்குப் பாடம் எடுத்த எந்தப் பேராசிரியரும் இவ்வளவு லட்சணமாகச் சொன்னதில்லை. பொறாமையாகவே இருந்தது.

வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு தடவை தரப் பரிசோதனைக்கு டை கட்டிய ஒருவர் வந்தார். கையில் நீளமான படிவம். பட்டறையில் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். தொட்டியருகே வந்ததும் அயனி பாய் அவர் காதோரம் குனிந்தார். “சார், நிக்கல் அந்தாண்ட ரெண்டு எலெக்ட்ரானை வுட்டுட்டு வருது. இந்தாண்ட ரெண்டு வாங்கிக்குது. வுட்ட அதே ரெண்டுதான் கெடைக்குதா, இல்ல வேற ரெண்டா?” டை ஆசாமி படிவத்தை மூடினார். ஒரு எலெக்ட்ரானுக்கும் இன்னொன்றுக்கும் அடையாளமே கிடையாது, எல்லாம் ஒரே அச்சு, அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை என்று ஆரம்பித்தார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து, ஒரு குறையும் எழுதாமல், யோசித்தபடியே காரில் ஏறிப் போனார். முதலாளி அன்றைக்குப் பாய்க்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

பட்டறையில் எடுபட்டது பெண் வீடுகளில் எடுபடவில்லை. உப்புதான் அவருக்குச் சனியன். சோடியம் தனியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும். குளோரின் தனியாக இருந்தால் விஷவாயு. முன்னது ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்து, பின்னது அதை வாங்கிக்கொண்டால் சாப்பாட்டு உப்பு. இந்த அதிசயத்தை அவரால் மனதுக்குள் வைத்துக்கொள்ள முடிந்ததே இல்லை. குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் முதல் வாய் பிரியாணியை மென்றுகொண்டே, “இதுல பாதி விஷம் கீது, தெரியுமா?” என்று ஆரம்பித்தார். சமைத்தவர் பெண்ணின் தாயார். முடிக்கவிடுவார்களா?

ஐந்தாவது இடமும் போனபோது, அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். “ஆறாவது ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா இனிமே நான் உனக்குப் பொண்ணு பாக்க மாட்டேன். அங்க நீ வாயே தொறக்கக் கூடாது. ஆமாவா இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் வாங்கினார். பாய் பெண் பார்க்கப் பெருங்களத்தூருக்குப் போனார், ஊமையாக உட்கார்ந்திருந்தார், பையன் தங்கமானவன், அமைதியானவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தார். எங்களால் நம்பவே முடியவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். “மேடம், அந்தப் பொண்ணு பேரு நசீமா. கிளினிக்ல லேப் டெக்னீஷியன். டெய்லி ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் பாத்து ரிப்போர்ட்டு எழுதுதாம். ரெண்டும் அயனி மேடம்!” சொல்லிவிட்டுச் சிவந்துபோனார். ஐந்து இடம் தட்டிப்போனபோது ‘போனாப் போவுது மேடம்’ என்று சிரித்தவர் அவர். இந்தத் தடவை அப்படி இல்லை என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை நடத்தி ஓய்ந்தவர். அவரிடம் முப்பது வருடத்துப் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஊர் சுற்றிய வண்டி. அந்த அம்மா காலமாகிவிட்டார். வண்டியை அவர் யாரையும் தொடவிடமாட்டார். அதன் ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம் துருவேறிப் பாதி போயிருந்தது. அதைக் கழற்றி அனுப்பினார். “மாப்பிள்ளை நிக்கல் பூசுறவராமே, பூசிக் காட்டட்டும். அப்புறம் தேதி பேசலாம்.”

இங்கே எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நிக்கலுக்கு மேலே மெல்லிசாக இருக்கும் பழைய குரோம் பூச்சை உரிக்க, வேலை நேர்மாறாக நடக்கும். பொருளை ப்ளஸ் பக்கம் மாட்டி வேறொரு தொட்டியில் போட்டால், இருக்கிற பூச்சு எலெக்ட்ரானை இழந்து கரைந்துபோகும். எங்கள் முதலாளியோ கஞ்ச மகாபிரபு. இரண்டு தொட்டிக்கும் ஒரே ரெக்டிபயர். ஆகவே உரிக்கும்போது வயர்களை மாற்றிக்கொடுத்து, அடையாளத்துக்கு சுவிட்ச் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவோம். வயரைத் திருப்பி மாட்டியபின்தான் துணியை அவிழ்க்கவேண்டும். துணி இருந்தால் உரிக்கிற பக்கம். துணி இல்லை என்றால் பூசுகிற பக்கம். வயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்ப்போம்.

அன்று காலை பாய் வளையத்தின் பழைய குரோமை மட்டும் உரித்து, கழுவி, கம்பியில் கட்டி நிக்கல் தொட்டியில் தொங்கவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெண்ணின் அத்தா!

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி.”

“வாங்க மாமா, வாங்கோ வாங்கோ!” பாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரச் சொல்ல ஒரே ஒரு ஸ்டூல், அதன்மேல் விரல் கனத்துக்குப் பாலிஷ் தூசி. வெள்ளை வேட்டி கட்டிய மாமாவை அதில் உட்காரவைப்பதா? சுற்றுமுற்றும் தேடினார். கைக்குக் கிடைத்த துணியை வெடுக்கென்று இழுத்து, ஸ்டூலைப் பளிச்சென்று துடைத்து, மாமாவை உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், சுவிட்சு போடுங்கோ” என்றார்.

நான் பார்த்தேன். கைப்பிடியில் துணி இல்லை. போட்டேன்.

சாதாரணமாக அரை மணி நேர வேலை. ஆனால் மாமா விதிவசத்தால், “இது எப்படி தம்பி ஒட்டுது?” என்று கேட்டுவிட்டார். பெண் வீட்டிலிருந்து ஒருவர் தாமாகவே வாய் திறந்து கேட்பது பாயின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அக்காவிடம் செய்த சத்தியம் பறந்தது. எலெக்ட்ரானில் ஆரம்பித்தார். நான் இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தேன். மாமாவுக்கு ஸ்பெஷலாக இருக்கட்டும் என்று நடுவில் கரண்ட்டையும் கூட்டிவைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, “இப்போ பாருங்கோ மாமா!” என்று கம்பியைத் தூக்கினார்.

கம்பியில் வளையம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. துரு அரித்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு பக்கம் அறுந்து, எலி கடித்த முறுக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே நிக்கல் பட்டைகள் மட்டும் என்றைக்கும் இல்லாத பளபளப்பில் மின்னின.

பாய் வயரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டூலைப் பார்த்தோம். அதன் காலடியில் சிவப்புத் துணி கிடந்தது.

நான் வாய் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். “என் தப்புதான் மாமா. வயரை மாத்தாம வுட்டுட்டேன்.”

மாமா மிச்சத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமே அக்காவுக்கு போன் வந்தது. இடம் சரிப்படாதாம்.

“சுவிட்ச் போட்டது நான்தானே பாய். ஏன் சொல்லலை?” என்றேன்.

“துணியை எடுத்தது நான்தானே மேடம்” என்றார். அதோடு சரி.

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வருவார், கம்பூட் மாட்டுவார், பூசுவார், போவார். இரண்டு வருடமாக நான் எதற்கு வேண்டிக்கொண்டேனோ அது அப்படியே கிடைத்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் நானே வலியப் போய், “பாய், காப்பர் ஏன் தண்ணில நீலமாயிடுது?” என்று கேட்டுப் பார்த்தேன். “தெர்ல மேடம்” என்று குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குப் பயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பெருங்களத்தூரில் போய் இறங்கினேன். டிவி மேல் அந்தச் செய்தித்தாள் பொட்டலம் அப்படியே இருந்தது. மாமா உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே, துணி, ஸ்டூல், சுவிட்ச் எல்லாவற்றையும் கொட்டினேன். “உங்க வேட்டி அழுக்காகக் கூடாதுன்னுதான் அவர் துணியை எடுத்தாரு. குனிஞ்சு வயரைப் பாக்காம சுவிட்ச் போட்டவ நான். அவரை மட்டும் தண்டிக்காதீங்க.”

மாமா டிவி மேலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். “நீ சொல்றது புரியுதும்மா. நல்ல பையன்தான். ஆனா போனது போனதுதானே? அது அவ உக்காந்து வந்த வண்டி” என்றார்.

அப்போது உள்ளறை வாசலிலிருந்து நசீமாவின் குரல் வந்தது. “கரைஞ்சதெல்லாம் எங்க போச்சு?”

“தொட்டியிலதான் இருக்கு” என்றேன். “வளையத்துல பழைய நிக்கல் இருந்துச்சுல்ல, அதுல ஒவ்வொரு அணுவும் ரெண்டு எலெக்ட்ரானைக் குடுத்துட்டு அயனியாயிடுச்சு. தண்ணில கலந்து நிக்குது.”

“அதுக்கு மறுபடியும் ரெண்டு எலெக்ட்ரான் குடுத்தா?”

“மறுபடி நிக்கலாயிடும்.”

“அப்போ வேற ஒரு வளையம் வாங்கி, அதே தொட்டியில பூசினா, எங்க அம்மா வண்டியில இருந்த நிக்கல் அதுக்கு மேல வருமா?”

நான் அசந்துபோனேன். “வரும். கொஞ்சம் வரும். ஆனா இந்த ஒரு வாரமா அதே தொட்டியிலதான் எல்லாத்தையும் பூசிட்டிருக்கோம். தண்ணிக் குழாய், கைப்பிடி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாப் போய்ட்டே இருக்கும்.”

மாமா எழுந்தே விட்டார். “என்னம்மா சொல்றே? எவன் எவன் வீட்டுக் குழாயிலயோ என் வண்டி போய்க்கிட்டிருக்கா? இதை மொதல்லயே சொல்ல வேணாமா! நாளைக்கு யாரும் அந்தத் தொட்டியில கை வெக்கக் கூடாதுன்னு சொல்லு!”

திங்கட்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கே மாமா புதுப்பேட்டைக்குப் போய், பழைய சாமான் குவியல்களில் தேடி, அதே மாதிரி ஒரு வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் மகளோடு பட்டறைக்கு வந்து இறங்கினார். நசீமா அரை நாள் லீவு போட்டிருந்தாள். அதுவரை தொட்டியை நான் காவல் காத்தேன். முதலாளி இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அயனி பாய் வளையத்தை உரித்துக் கழுவித் தொங்கவிட்டார். நான் வயரை மூன்று தடவை குனிந்து பார்த்தேன். பாய் ஒரு தடவை பார்த்தார். மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். சுவிட்சைப் போட்டோம். பாய் பச்சைத் தண்ணீரைவிட்டுக் கண்ணெடுக்கவே இல்லை. நிக்கல் முடிந்து, மேலே மெல்லிசாகக் குரோமும் பூசி, கழுவித் துடைத்து, வளையத்தை மாமா கையில் கொடுத்தார்.

மாமா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. மகளிடம் நீட்டினார்.

நசீமா அதை வாங்கி, பாயை நேராகப் பார்த்துக் கேட்டாள். “இதுல எங்க பழைய வளையம் எவ்வளவு இருக்கும்?”

எல்லோரையும் கேள்வியால் திணறடித்த மனிதர், முதல் தடவையாகத் தானே திணறினார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

“தெரியலைங்க” என்றார். பிறகு மெதுவாக, “ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கணக்கு போட்டுப் பாக்கலாமா?” என்றார்.

நசீமா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா தொண்டையைச் செருமினார்.

“கணக்கை அப்புறம் போடுங்க தம்பி. மொதல்ல உங்க அக்காவை வரச் சொல்லுங்க, தேதி பாக்கணும்.”

நான் ஏதோ டைட்ரேஷன் மிச்சம் இருப்பதுபோல் லேபுக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். அந்தப் பட்டறையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பெருங்களத்தூரில் எங்கோ ஒரு வீட்டில், அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவள் பதிலுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தால் போதும், எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போய்விடுகிறது.